முதல் நாள் மருந்து: சிறிய பொரிப்பகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும். மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று எங்கள் ராமநாதபுரம் கடற்கரை நெடுக அந்த இரண்டு மாதமும் வேறு வருமானம் தேடும் வீடுகள் நிறைய. அவற்றில் சில வீடுகளில் சின்னதாக ஒரு இன்குபேட்டர் வாங்கி நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கத் தொடங்குகிறார்கள். நல்ல தொழில், கிராக்கியும் இருக்கிறது. ஆனால் முன்பே இந்தத் தொழிலுக்கு வந்த நாங்கள் செய்து, நட்டப்பட்டு, கைவிட்ட அதே தவறுகளைப் புதியவர்கள் முதலிலிருந்து செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

முட்டையைத் திருப்புவது, ஈரப்பதம் பார்ப்பது, கை கழுவுவது எல்லாம் இயந்திரத்தோடு தரும் தாளிலேயே இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன். குஞ்சு வெளியே வந்து இறகு காய்ந்த பிறகு கொடுக்கும் ஊசி, சொட்டு மருந்து, சத்து மருந்து பற்றி மட்டும் இங்கே.

ஊசியை ஸ்பிரிட்டில் துடைப்பது

முதல் நாள் போடும் மேரக்ஸ் நோய்த் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள வைரஸ். ஸ்பிரிட்டும் டெட்டாலும் அதையும் சேர்த்துக் கொன்றுவிடும். சிரிஞ்சையும் முனையையும் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள், போதும்.

மிச்ச மருந்தை எடுத்து வைப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது, ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

மேரக்ஸ் என்ற நோயை 1907-இல் ஹங்கேரியின் கால்நடை மருத்துவர் யோஜெஃப் மாரெக் முதலில் விவரித்தார். ஹெர்பிஸ் வகை வைரஸ். கோழியின் இறகுத் தூசியில் ஏறிக் காற்றில் பரவும், கொட்டகைத் தூசியில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நோய் வந்த கோழிக்கு மருந்து கிடையாது. குஞ்சு பொரித்த அன்றே கழுத்தின் பின்புறத் தோலுக்கு அடியில் 0.2 மில்லி ஊசி போடுவதுதான் ஒரே காப்பு. வான்கோழியிடமிருந்து எடுத்த, கோழிக்கு நோய் தராத ஒரு வைரஸிலிருந்து 1970-களின் தொடக்கத்தில் வந்த தடுப்பூசி அது.

இது இரண்டு வடிவில் வருகிறது. ஒன்று மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனுக்குள் வைக்க வேண்டியது, பெரிய பொரிப்பகங்களுக்கானது. நம்மைப் போன்றவர்கள் வாங்குவது உறையவைத்து உலர்த்திய தூள். அதை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கலாம். தூளாக மூடி இருக்கும்வரை குப்பியில் எழுதியிருக்கும் தேதி செல்லும். கலவை நீரை ஊற்றிய நிமிடத்திலிருந்து அந்தத் தேதிக்கு அர்த்தம் இல்லை. ஐஸ் மேல் வைத்து, வெயில் படாமல், ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், குப்பிகள் 500, 1000 குஞ்சுக் கணக்கில் வருகின்றன. நம் இயந்திரத்தில் பொரிப்பதோ நூறு, நூற்றைம்பது. குப்பியில் பெரும்பங்கு மிஞ்சும்போது காசு கொடுத்து வாங்கியவருக்குக் கீழே ஊற்ற மனம் வராது. ரப்பர் மூடி அப்படியே இருக்கிறது, திரவமும் தெளிவாக இருக்கிறது. ஃபிரிட்ஜில் திரும்ப வைத்து அடுத்த வாரக் குஞ்சுக்கும், அதற்கடுத்த வாரக் குஞ்சுக்கும் போடுகிறார்கள். கெட்ட பால் திரிந்து காட்டும். இது காட்டாது. உள்ளே வைரஸ் செத்துக்கிடக்கும், நிறமும் மாறாது, வாடையும் வராது. ஊசி போட்ட குஞ்சு, போடாத குஞ்சைப் போலவே துள்ளி ஓடும். பொரிப்பகக்காரர் கணக்கில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

விளைவு தெரிவது இரண்டு மூன்று மாதம் கழித்து, அதுவும் வேறு ஒருவர் வீட்டில்.

தேவிபட்டினம் பக்கம் ஒரு மகளிர் குழு தடைக்காலத்தில் குஞ்சு வாங்கி வளர்த்தது. பெட்டியின் மேல் 'ஊசி போட்டது' என்று எழுதியிருந்தது. பத்து வாரம் வரை நன்றாக வளர்ந்த கோழிகள் ஒவ்வொன்றாக நொண்ட ஆரம்பித்தன. பிறகு ஒரு காலை முன்னால் நீட்டி, மறு காலைப் பின்னால் நீட்டிப் படுத்துவிட்டன. என்னைக் கூப்பிடுவதற்குள் அந்தப் பெண்கள் எல்லா வைத்தியமும் பார்த்திருந்தார்கள். "அய்யா, சுளுக்குன்னு நெனச்சு வேப்பெண்ணெய் தேச்சோம், குச்சி வச்சுக் கட்டினோம், நரம்பு டானிக்கும் வாங்கி ஊத்தினோம். திங்கிறதுக்குத் தலைய நீட்டுது, நிக்க மட்டும் முடியல" என்றார் குழுத் தலைவி. மருத்துவர் ஒரு கோழியை அறுத்துப் பார்த்தார். இரு கால் நரம்புகளில் ஒன்று மற்றதைவிடப் பருத்து, மங்கிப்போய் இருந்தது. ஈரலில் வெள்ளைக் கட்டிகள். மேரக்ஸ்தான்.

குஞ்சு கொடுத்தவரிடம் போனேன். ஃபிரிட்ஜ் கதவில், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் கலக்கிய குப்பி இருந்தது. எப்போது கலக்கியது என்று அவருக்கே ஞாபகம் இல்லை. "ஃபிரிட்ஜுலதாண்ணே இருந்துச்சு, எப்படிக் கெட்டுப்போகும்?" என்று கேட்டார். ஏமாற்றுகிற ஆள் இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். அதுதான் மனதை அறுத்தது. அந்த மூன்று மாதத் தீவனக் கடனைக் கட்டப்போவது அவர் இல்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மேரக்ஸ் தடுப்பூசி நோயையும் கட்டியையும்தான் தடுக்கும். வைரஸ் உடம்பில் நுழைவதையோ அடுத்த கோழிக்குப் பரவுவதையோ முழுதாகத் தடுக்காது. சரியாக ஊசி போட்ட தாய்க்கோழி நலமாகத் திரிந்துகொண்டே வைரஸை உதிர்த்துக்கொண்டிருக்கலாம். அதே முற்றத்தில் செத்த மருந்து போட்ட குஞ்சை விட்டால், காப்பே இல்லாமல் வைரஸுக்கு நடுவில் விட்டதாக ஆகும். சரியாகப் போட்ட ஊசிக்கும் உடம்பில் வேலை செய்ய ஒரு வாரமாவது வேண்டும். அதுவரை பெரிய கோழிகளோடு குஞ்சைச் சேர்க்கவே கூடாது.

ஒரு குப்பியில் இரண்டு பங்கு கலவை நீர் ஊற்றி 'நீட்டுவது' இதன் தம்பி. அதையும் பார்த்திருக்கிறேன்.

என்ன செய்யலாம்? வாரம் ஒரு தட்டு என்று சிறிது சிறிதாக முட்டை வைப்பதை விட்டு, ஒரே நாளில் பொரிக்கும்படி மொத்தமாக வையுங்கள். நம் கோடை வெக்கையில் முட்டையை ஏழெட்டு நாள் வெளியே சேர்த்து வைக்க முடியாது, கரு அரைகுறையாகக் கிளம்பிச் செத்துவிடும். ஆகவே தனியாக ஒருவரால் நிரப்ப முடியாவிட்டால், ஒரே ஊரில் இருக்கும் இரண்டு மூன்று பேர் பேசிவைத்து ஒரே நாளில் முட்டை வையுங்கள். 21-ஆம் நாள் ஒரே குப்பியைக் கலக்கி, அந்த ஒரு மணி நேரத்துக்குள் பங்கிட்டுப் போட்டுவிடலாம். குஞ்சுகளை இடம் மாற்ற வேண்டாம், மருந்து மட்டும் ஐஸ் பெட்டியில் போகட்டும். உச்சிப்புளிப் பக்கம் இப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு செலவுதான் ஆகிறது. அதுவும் முடியாதென்றால் மிச்சத்தைக் கொதிக்க வைத்துக் கொட்டிவிடுங்கள். குப்பியின் முழு விலையையும் அன்றைய குஞ்சுகளின் மேல் பிரித்துப் போட்டு விலை சொல்லுங்கள். வாங்குகிறவரிடம் காரணத்தைச் சொன்னால் கொடுப்பார்கள்.

ஐஸ் பெட்டி என்றதும் மீன் பெட்டியை அப்படியே எடுத்து வராதீர்கள். உருகிய மீன் தண்ணீரில் குப்பி மிதக்கக் கூடாது. பாலிதீன் பையில் கட்டி, ஐஸுக்கும் குப்பிக்கும் நடுவில் ஒரு துணி வையுங்கள். கலவை நீரும் உறையக் கூடாது.

கழுத்தில் ஈரம்

வேகமாகப் போடுகிறவர் தோலின் ஒருபக்கம் குத்தி மறுபக்கம் வெளியே பீய்ச்சிவிடுவார். பத்துக் குஞ்சுக்கு ஒருமுறை கழுத்து மயிரை விலக்கித் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊசி உள்ளே போகவில்லை.

உப்புத் தண்ணீரில் மேலும் உப்பு

இது நம் கடற்கரைக்கே உரிய தவறு, நல்ல தண்ணீர் ஊர்களில் எழுதிய கையேடுகளில் பெரும்பாலும் இருக்காது. பயணக் களைப்புக்கு எலக்ட்ரோலைட் தூள் கொடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தத் தூளில் உப்பும் இருக்கிறது. நல்ல தண்ணீர் உள்ள ஊரில் அது உதவும். சாயல்குடி, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஏற்கெனவே உப்புக் கரிக்கிறது. அதில் தூளையும் கலந்தால் குஞ்சுக்குக் கொடுப்பது சத்து அல்ல, உப்பு நஞ்சு. முதல் வாரக் குஞ்சின் சிறுநீரகத்துக்கு அதைக் கழிக்கும் சக்தி இல்லை. தண்ணீராய்க் கழியும், ஓயாமல் குடிக்கும், வயிற்றில் நீர் கோத்துச் சாகும். இதைப் பார்த்துவிட்டு, கழிச்சலில் உப்பு போய்விட்டது என்று இன்னும் ஒரு ஸ்பூன் தூள் போடுகிறவர்களும் உண்டு.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கோழிக்கு 1000-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 1000-இலிருந்து 3000-க்குள் கழிச்சல் இளகலாம். 3000-ஐத் தாண்டினால் சாவு கூடும், குஞ்சுக்குக் காட்டவே கூடாது. ஊருணித் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் கொடுங்கள், அல்லது கேன் தண்ணீர் வாங்குங்கள். முதல் மூன்று நாளுக்கு நூறு குஞ்சு குடிக்கும் தண்ணீர் அதிகம் இல்லை. அதில் வைட்டமின் ஏ, டி3, ஈ, பி-காம்ப்ளக்ஸ் கலந்தால் போதும். காலையில் கலந்ததை மதியத்துக்கு மேல் வைக்காதீர்கள், வெயிலும் வெக்கையும் வைட்டமினைத் தின்றுவிடும்.

பனைவெல்லத் தண்ணீர் கொஞ்சம் நல்லது. நாள் முழுக்க அதையே வைத்தால் ஆசனவாய் ஒட்டிக்கொள்ளும்.

சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து விடுவது

வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் எஃப்-1 அல்லது லசோட்டா என்ற தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். ஒவ்வொன்றாகப் பிடிப்பது அலுப்பாக இருக்கிறதென்று குடிதண்ணீரில் கலந்துவிடுகிறார்கள். அந்த வயதில் எல்லாக் குஞ்சும் ஒரே அளவு குடிப்பதில்லை. மேலும் குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரில் குளோரின் உண்டு, அது மருந்தை நிமிடங்களில் கொன்றுவிடும். பெரிய வயதில் தண்ணீர் வழியாகக் கொடுக்கும்போதுகூட, குளோரின் இல்லாத தண்ணீரில் லிட்டருக்கு இரண்டரை கிராம் கொழுப்பு நீக்கிய பால்தூளை முன்கூட்டியே கரைத்து வைத்துக்கொண்டுதான் மருந்தைக் கலப்போம்.

கண்ணில் சொட்டு விட்டதும் கீழே போட்டுவிடாதீர்கள். குஞ்சு கண்ணை இமைத்துச் சொட்டு உள்ளே போகும்வரை கையிலேயே இருக்கட்டும்.

விரல் மடங்கினால் எல்லாம் மேரக்ஸ் அல்ல

முதல் மூன்று வாரத்துக்குள் கால் விரல்கள் உள்பக்கம் சுருண்டு, கணுக்காலில் உட்கார்ந்து நகர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது பி2 வைட்டமின் குறைவு. சீக்கிரம் பி2 கொடுத்தால் பல குஞ்சுகள் தேறும். ஆனால் குறை குஞ்சின் தீவனத்தில் மட்டுமல்ல, முட்டையிட்ட தாய்க்கோழியின் தீவனத்திலும் இருக்கலாம். அப்படியானால் குஞ்சுக்கு மட்டும் டானிக் ஊற்றிக்கொண்டிருந்தால் அடுத்த பொரிப்பிலும் அதேதான்.

ஆண்டிபயாடிக்கை ஊசி மருந்தோடு கலப்பது

வேண்டாம். கோலிஸ்டின் என்ற ஆண்டிபயாடிக்கை உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2019 ஜூலையிலேயே தடைசெய்துவிட்டது. இன்னும் பழைய பாக்கெட் வைத்திருந்தால் எறிந்துவிடுங்கள்.

ஊசி போட்ட குஞ்சை மூடிய அறையில் கரி அடுப்போடு விடுவது

கருவேலங்கரி நம் ஊரில் மலிவு, கரண்ட் போனால் கைகொடுப்பதும் அதுதான். ஆனால் கடல்காற்றுக்கு அஞ்சி எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டுக் கரி போட்டால் நச்சுப்புகை கட்டிக் குஞ்சுகள் கொத்தாகச் சாகும். பழி ஊசி மேல் விழும். மேல்பக்கம் ஒரு சந்து திறந்திருக்கட்டும்.

பெட்டியில் 'ஊசி போட்டது' என்று மட்டும் எழுதுவது

என்ன ஊசி, எந்தக் குப்பி எண், எந்தத் தேதி, கலக்கிய நேரம், போட்டு முடித்த நேரம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். நேரத்தை எழுத வேண்டும் என்றாலே பழைய குப்பியை எடுக்கக் கை கூசும்.

அடுத்து வளர்ப்பவர் செய்ய வேண்டியதையும் அதே சீட்டில் எழுதிக் கொடுங்கள்: ஏழாம் நாளுக்குள் எஃப்-1 அல்லது லசோட்டா சொட்டு, 14-ஆம் நாள் கம்போரோ நோய்த் தடுப்பு மருந்து, நான்காம் வாரம் மறுபடியும் லசோட்டா, எட்டாம் வாரம் வெள்ளைக் கழிச்சலுக்கான ஆர்2பி ஊசி. அம்மை ஊசியை எப்போது போடுவது என்று பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் முகாமில் போடுவது எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கான ஊசி. அதன் வீரியத்தைச் சின்னக் குஞ்சு தாங்காது. இலவசம்தானே என்று இருபது நாள் குஞ்சைக் கூடையில் தூக்கிக்கொண்டு அங்கே போக வேண்டாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.