கிரேக்க மதுக் கிண்ணத்தைப் பார்க்கும்போது செய்யும் தவறுகள்

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கைலிக்ஸ் கிண்ணத்தைச் சுவரில் மாட்டிய படம் போலப் பார்ப்பதுதான் முதல் தவறு. அகன்ற வாய், ஆழமில்லாத குழி, ஒரு தண்டு, இரண்டு கைப்பிடி. சாய்ந்து படுத்தபடி குடிப்பதற்கான பாத்திரம் அது. உள்ளே அடியில் வரைந்த ஓவியம் மதுவில் மூழ்கியிருக்கும். குடிக்கக் குடிக்கத்தான் தெரியவரும். ஜெர்மனியின் மியூனிக்கில் உள்ள, ஏதென்ஸ் குயவரும் ஓவியருமான எக்சேக்கியாஸின் கிண்ணம் சுமார் கி.மு. 530ஐச் சேர்ந்தது. உள்ளே மதுக்கடவுள் டயோனிசஸ் படகில் சாய்ந்திருக்கிறார். பாய்மரத்தைச் சுற்றிப் படர்ந்த கொடியில் ஏழு திராட்சைக் குலைகள், சுற்றிலும் ஏழு டால்பின்கள். அந்தப் படகு மிதந்ததே மதுவில்தான். வெளிப்பக்கம் இரண்டு பெரிய கண்கள். குடிப்பவர் கிண்ணத்தை உயர்த்தினால் எதிரே இருப்பவருக்கு அது முகமூடி, கைப்பிடிகள் காதுகள்!

அப்புறம், இந்தக் கிண்ணங்களின் கறுப்பு நிறத்தைப் பெயின்ட் என்று நினைப்பது. அது நன்றாகக் கரைத்துத் தெளியவைத்த களிமண் குழம்பு. சூளையில் முதலில் காற்று விடுவார்கள். பிறகு காற்றை அடைத்துப் புகையவிட்டால் எல்லாமே கறுக்கும். மறுபடி காற்று விட்டால் வெறும் மண் சிவப்புக்குத் திரும்பும். குழம்பு பூசிய இடம் மட்டும் இறுகிவிட்டதால் கறுப்பாகவே நிற்கும். ஆக, கறுப்புப் பின்னணியில் சிவப்பு உருவம் தெரியும் செவ்வுருவக் கிண்ணங்களில் உருவத்துக்குச் சிவப்பு பூசவில்லை. சுற்றிலும் குழம்பைப் பூசி, உருவத்தை வெறும் மண்ணாக விட்டிருக்கிறார்கள்.

கிண்ணத்தில் உள்ள எழுத்தைப் படிப்பதிலும் சறுக்குகிறோம். 'எபோயேசென்' என்றால் செய்தார், 'எக்ராப்சென்' என்றால் வரைந்தார். இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. 'லேயாக்ரோஸ் காலோஸ்' என்றிருந்தால் அது கையொப்பமே இல்லை. லேயாக்ரோஸ் அழகன் என்று ஓர் இளைஞனைப் புகழ்வது, அவ்வளவுதான்.

கிடைத்த இடத்தை வைத்துச் செய்த ஊரை முடிவு செய்வதும் பழைய தவறு. எக்சேக்கியாஸின் கிண்ணம் ஏதென்ஸில் செய்தது, கிடைத்ததோ இத்தாலியின் வுல்சியில். இத்தாலியின் பண்டைய மக்களான எட்ருஸ்கரின் கல்லறைகளில் இப்படி நிறையக் கிடைத்ததால், 18ஆம் நூற்றாண்டில் இவற்றை எட்ருஸ்கர் கலை என்றே பலர் நம்பினார்கள்.

கிரேக்கம் என்றாலே கம்பீரம் என்று எதிர்பார்ப்பவர்கள் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் உள்ள பிரைகோஸ் ஓவியரின் கிண்ணத்தைப் பார்க்கலாம். (பிரைகோஸ் குயவர் பெயர், ஓவியரின் பெயர் யாருக்கும் தெரியாது.) வெளியே கும்மாளம். கடைசி மடக்கைக் குடித்து முடித்தால் அடியில் தெரிவது, வாந்தியெடுக்கும் ஓர் இளைஞனும் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணும்.