ஈயச் சொம்பில் இருப்பது வெள்ளீயமா, காரீயமா? வீட்டுத் தராசிலேயே பார்க்கும் முறை

நம் பேச்சில் "ஈயம்" என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு உலோகங்கள். ஒன்று வெள்ளீயம். ரசச் சொம்பு அதில்தான் செய்ய வேண்டும். இன்னொன்று காரீயம். கார் பேட்டரிக்குள் இருப்பது, மீன்வலையில் குண்டாகத் தொங்குவது. பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டால் இரண்டும் கலந்த சொம்பைக் கண்ணால் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. வெள்ளீயத்தின் விலையோ காரீயத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல். கலப்படம் ஏன் நடக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் வேண்டாம்.

புளிக்கரைசல் காரீயத்தை மெல்லக் கரைக்கும். ரசத்தின் மணத்திலோ ருசியிலோ எதுவும் தெரியாது. உடம்புக்குள் போன காரீயம் எலும்பில் போய்ப் படிந்து வருடக்கணக்கில் தங்கும், கர்ப்ப காலத்தில் மறுபடி ரத்தத்துக்கு வரும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் இதை 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாதுகாப்பான அளவு என்று எதையும் அது குறிப்பிடவில்லை.

முதலில், வேலைக்கு ஆகாத சோதனைகள். "தீயை ஏற்றினால் உருகுகிறதா, அப்படியானால் அசல்" என்பது கடைகளில் அடிக்கடி காதில் விழும். இது தலைகீழ் வாதம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் 327-இல். இரண்டையும் சரியான விகிதத்தில் கலந்தால் 183-லேயே உருகிவிடும். காலிச் சொம்பை அடுப்பில் வைத்தால் எந்தக் கலவையும் உட்கார்ந்துவிடும், அதில் எதுவும் நிரூபணமாகாது. சொம்பின் அடியை வெள்ளைத்தாளில் தேய்ப்பது கொஞ்சம் பரவாயில்லை. பென்சில் கிறுக்கியதுபோல் கருங்கோடு விழுந்தால் காரீயம் நிறைய இருக்கிறது. கோடு விழாவிட்டால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. ஆன்லைனில் விற்கும் தேய்த்துப் பார்க்கும் குச்சிகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். வீட்டுச் சோதனைக் கிட்டுகளை நம்ப முடியாது என்று அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே 2007-இல் சொல்லிவிட்டது.

மிச்சமிருப்பது அடர்த்தி. வெள்ளீயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.29 கிராம், காரீயம் 11.34 கிராம். இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால்தான் சமையலறைத் தராசே போதுமானதாகிறது. ஆனால் இதன் எல்லையைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 10 சதவீதம், அதற்கு மேல் என்றால் இந்த முறை பிடித்துவிடும். 1, 2 சதவீதக் கலப்பைப் பிடிக்காது.

தேவையானவை

1 கிராம் துல்லியத்தில் 10 கிலோ வரை காட்டும் தட்டையான மின்தராசு. 5 கிலோ தராசு வேண்டாம், பக்கெட்டும் தண்ணீரும் சொம்பும் சேர்ந்தால் எல்லையைத் தொட்டுவிடும். சொம்பு முழுதாக முழுகுகிற ஒரு பிளாஸ்டிக் பக்கெட். சொம்பைத் தொங்கவிட நைலான் தூண்டில் நரம்பு. பருத்தி நூல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், வேண்டாம். இரண்டு ஸ்டூல், ஒரு கம்பு. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதில் கரைந்திருக்கும் காற்று குட்டிக் குமிழிகளாகச் சொம்பில் ஒட்டும். அதற்குத்தான் கொதிக்க வைப்பது.

பக்கெட்டை நேராகத் தராசில் வைத்தால் எண் தெரியும் திரை மறைந்துவிடும். நடுவில் ஒரு டவராவைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் பக்கெட்டை வையுங்கள்.

படி 1: கழுவி, துடைத்து, எடை

எண்ணெய்ப் பிசுக்கும் அடியில் பிடித்த கரியும் போகச் சோப்பு போட்டுப் பஞ்சால் தேய்க்கவும். உப்புத்தாள் போடாதீர்கள். உள்ளே காரீயம் இருந்தால் அந்தப் பொடி உங்கள் கையிலும் மூக்கிலும்தான் போகும். நன்றாகக் காய்ந்த பிறகு எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 656 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: பக்கெட்டை வைத்து, டேர் அழுத்தவும்

தண்ணீர் ஊற்றிய பக்கெட்டைத் தராசில் வைத்து 'டேர்' பட்டனை அழுத்தினால் பூஜ்யம் காட்டும். அதற்கு முன்பே ஸ்டூல்கள், கம்பு, நரம்பு கட்டிய சொம்பு எல்லாம் தயாராக இருக்கட்டும். மலிவுத் தராசுகள் சும்மா விட்டால் தானே அணைந்துவிடும், டேரும் போய்விடும். இன்னொரு குணமும் உண்டு: எடை மிக மெதுவாக ஏறினால் அதைப் பிழை என்று எண்ணிப் பூஜ்யத்திலேயே நிற்கும். ஆகவே சொம்பை இஞ்ச் இஞ்சாக இறக்காமல் ஒரே சீராக இறக்குங்கள்.

படி 3: முழுகவிட்டுத் தொங்கவிடுதல்

காரியமே கெடுவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள்.

கம்பு இரண்டு ஸ்டூல்களின்மேல் நிற்க வேண்டும். பக்கெட் விளிம்பில் பட்டால் சொம்பின் முழு எடையும் தராசுக்கு வந்துவிடும். சொம்பு தண்ணீருக்குள் முழுதாக முழுகி, அடியிலும் பக்கத்திலும் எதையும் தொடாமல் அந்தரத்தில் தொங்க வேண்டும். அப்போது தராசு காட்டும் கிராம், சொம்பின் உலோகம் தள்ளிய தண்ணீரின் எடை. கிராமும் மில்லிலிட்டரும் இங்கே ஒன்றுதான் என்பதால் அதுவே உலோகத்தின் கன அளவு.

சொம்பைச் சாய்த்துப் பிடித்து, கழுத்து வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க் காற்று 'களக்' என்று வெளியேறும்வரை காத்திருங்கள். பிறகு விரலை உள்ளே விட்டுத் தோள் வளைவைச் சுற்றித் தடவுங்கள். கழுத்து சிறுத்த சொம்பில் தோளுக்கு அடியில்தான் காற்று பதுங்கும். விளிம்பு மடித்த சொம்பானால் அந்த மடிப்பையும் பாருங்கள். கையில் ஒட்டிய தண்ணீர் பக்கெட்டுக்கு வெளியே சிந்தினால் டேர் தப்பாகிவிடும். அதனால் காற்றை விரட்டும் வேலையை முதலில் முடித்து, சொம்பை நரம்போடு மெல்லத் தூக்கி, உள்ளிருக்கும் தண்ணீரைப் பக்கெட்டிலேயே கொட்டி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, டேர் போட்டு, மறுபடி அதே சாய்வில் இறக்குவது நல்லது. சோப்புத் திரவம் இந்த இரண்டாம் முறை குமிழி ஒட்டாமல் காப்பாற்றும்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்ளே சிக்கிய காற்று, அடியில் தொட்டுக்கொண்ட சொம்பு, பக்கெட்டில் பட்ட கம்பு, இந்த மூன்று தவறுகளுமே தராசின் எண்ணைக் கூட்டும். எண் கூடினால் அடர்த்தி குறைந்ததாகத் தெரியும். அதாவது தவறாகச் செய்தால் கெட்ட சொம்பு நல்ல சொம்பாகத் தெரியும். இந்தச் சோதனையின் விஷமே அதுதான்.

படி 4: கணக்கு

656-ஐ 7.29-ஆல் வகுத்தால் 90. சுத்த வெள்ளீயம் என்றால் தராசு 90 காட்ட வேண்டும். உங்களுக்கு 84 வந்தது என்று வையுங்கள். 656 ÷ 84 = 7.81, இதுதான் உங்கள் சொம்பின் அடர்த்தி. கலப்பு எவ்வளவு என்று தெரிய, 90-இலிருந்து 84-ஐக் கழித்தால் வரும் 6-ஐ, எடையை 0.049-ஆல் (ஒரு கிராம் வெள்ளீயத்துக்கும் ஒரு கிராம் காரீயத்துக்கும் உள்ள கன அளவு வித்தியாசம்) பெருக்கினால் வரும் 32-ஆல் வகுக்கவும். கிட்டத்தட்ட 0.19. சொம்பில் சுமார் 19 சதவீதம் காரீயம்.

இதே சொம்பில் 6 மில்லி காற்று, ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல், தோளுக்கடியில் சிக்கியிருந்தால் தராசு 90 காட்டியிருக்கும். பத்தரைமாற்றுச் சொம்பு என்று சந்தோஷமாக ரசம் வைத்திருப்பீர்கள்.

ஒப்பிட: 10 சதவீதம் காரீயம் 7.56, 20 என்றால் 7.85, 40 என்றால் 8.5. மூன்று முறை செய்து, மூன்றும் ஒன்றுக்கொன்று ஒரு கிராமுக்குள் வந்தால் மட்டும் நம்புங்கள். அந்த ஒரு கிராமுக்குள் வேறுபட்டால் மிகக் குறைவான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், அதில்தான் காற்று குறைவு. 7.2 முதல் 7.4 வரை வந்தால் இந்த முறைக்குத் தெரிகிற அளவு கலப்பு இல்லை. 7.55-ஐத் தாண்டினால் சமையலிலிருந்து எடுத்துவிடுங்கள். நடுவில் நிற்பது சந்தேகக் கேஸ், ஆய்வகத்துக்குப் போக வேண்டியது. 2.7 பக்கம் வந்தால் உங்களிடம் இருப்பது அலுமினியம்!

முதன்முதலாகச் செய்கிறவர்கள் சொம்பைத் தொடுவதற்கு முன் நாலைந்து கனமான எவர்சில்வர் கரண்டிகளைக் கட்டி இதே மாதிரி தொங்கவிட்டுப் பாருங்கள். குழல் கைப்பிடி வேண்டாம், உள்ளே காற்று இருக்கும். 7.7-க்கும் 8.0-க்கும் நடுவில் வராவிட்டால் தப்பு உங்கள் அமைப்பில் இருக்கிறது.

படி 5: ஆய்வகம்

என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து ஏற்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற, தண்ணீரில் காரீயம் அளக்கும் ஆய்வகம் எதுவானாலும் சரி. ஒரே புளியை ஒரே தண்ணீரில் கரைத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை எவர்சில்வரில், மறு பாதியைச் சொம்பில், ஒரே நேரம் கொதிக்கவிட்டு, ஆறியபின் இரண்டு பாட்டிலாகக் கொடுங்கள். எவர்சில்வரில் கொதித்தது இல்லாமல் சொம்பில் கொதித்ததை மட்டும் கொடுத்தால், வந்த காரீயம் புளியில் இருந்ததா, தண்ணீரில் இருந்ததா, சொம்பில் இருந்ததா என்று பிரிக்க முடியாது. குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ரசத்துக்கான அளவுகோல் இல்லைதான், ஆனால் எண்ணைப் படித்துப் புரிந்துகொள்ள அது உதவும்.

கெட்ட சொம்பை என்ன செய்வது

பழைய பாத்திரக்காரரிடம் போட்டால் அது உருகி அடுத்த சொம்பாக வரும். பரணில் போட்டால் பத்து வருடம் கழித்து யாரோ ஆசையாக எடுத்துத் தேய்த்து அடுப்பில் வைப்பார்கள். ஆகவே முதல் வேலை, அடியில் ஆணி அடித்து ஓட்டை போடுவது. பிறகு பேட்டரி காரீயத்தை முறையாக மறுசுழற்சி செய்யும் இடத்தில் கொடுக்கலாம். வீட்டில் உருக்கவே கூடாது.

பல வருடம் அதில் ரசம் வைத்திருந்தால், வீட்டில் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், மருத்துவரிடம் சொல்லி நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துக் காரீய அளவு பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம், அதற்கு மேல் என்றால் மூலத்தைத் தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்.

ஒரு புலம்பல்

ரசம் வைக்க ஒருவர் ஆர்க்கிமிடீஸ் ஆக வேண்டியிருக்கிறது என்றால் குறை பொருளின் வடிவமைப்பில்தான். தங்க நகைக்கு 2021 ஜூனிலிருந்து ஹால்மார்க் கட்டாயம். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்று 2024 மார்ச்சில் ஆணை வந்தது. அதில் ஈயச் சொம்பு இல்லை. இத்தனைக்கும் ஒழுங்காகச் செய்த வெள்ளீயச் சொம்பு அருமையான பொருள்: ஒரே உலோகம், ஒட்டு இல்லை, பூச்சு இல்லை, தேய்ந்தால் முழுசாக உருக்கி மறுபடி வார்க்கலாம். பட்டறைக்காரர் உலோகக் கட்டி வாங்கும்போதே காரீயம் அளந்து, அந்த எண்ணைச் சொம்பின் அடியில் குத்தினால் போதும். நூறு வீட்டில் நூறு பக்கெட் வைப்பதற்குப் பதில் பட்டறையில் ஒரு சோதனை. அந்த எண் முத்திரையும் பில்லில் "வெள்ளீயம்" என்ற சொல்லும் இல்லாமல் விற்கும் சொம்பை வாங்காதீர்கள். எவர்சில்வர் ரசமும் ரசம்தான்.

பின்சேர்க்கை 1: அடர்த்தி 7.32 வருகிறதே, 1 சதவீதம் காரீயமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். தண்ணீர் 29 டிகிரியில் இருந்தால் ஒரு மில்லி 0.996 கிராம்தான். சுத்த வெள்ளீயமே 7.32 காட்டும். பயப்பட வேண்டாம், நிம்மதியும் வேண்டாம். அந்த நுணுக்கம் இந்தத் தராசுக்கு எட்டாது.

பின்சேர்க்கை 2: நகைக்கடை காரட் மீட்டரில் (நகையில் எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும் கருவி) காட்டலாமா? காட்டலாம். ஆனால் பல கருவிகள் தங்கத்துக்கென்று அமைத்தவை. வெள்ளீயம், காரீயம் இரண்டின் சதவீதமும் தனித்தனியாகத் திரையில் வருகிறதா என்று கேளுங்கள். அது மேல்தோலை மட்டுமே படிக்கும். அடி, கழுத்து, உள்பக்கம் என மூன்று இடம் பாருங்கள்.

பின்சேர்க்கை 3: ஓட்டையான சொம்பை எலக்ட்ரிகல் கடைப் பற்றாசு (சால்டர்) வைத்து அடைத்ததாகச் சொன்ன வாசகர்கள் இரண்டு பேர். சாதாரணப் பற்றாசுக் கம்பியில் 40 சதவீதம் காரீயம். நல்ல சொம்பாக இருந்ததும் கெட்டது. ஒட்டு சிறியது என்பதால் அடர்த்திச் சோதனையிலும் அது தெரியாது.

பின்சேர்க்கை 4: பித்தளைப் பாத்திரத்தின் ஈயப்பூச்சை இப்படிச் சோதிக்க முடியாது, பூச்சு மிக மெல்லியது. பூசுகிறவர் கையில் வைத்திருக்கும் ஈயக் குச்சியைத்தான் சோதிக்க வேண்டும். பூசுவதற்கு முன் கேட்டு வாங்கி, காதருகே வைத்து மெதுவாக வளையுங்கள். வெள்ளீயம் 'கறகற' என்று முனகும், காரீயம் சத்தமில்லாமல் மடியும். கலவையும் கொஞ்சம் முனகலாம் என்பதால் அதோடு விடாமல் குச்சியையும் நரம்பில் கட்டிப் பக்கெட்டில் தொங்கவிடுங்கள். தோள் வளைவு இல்லாததால் காற்றுத் தொல்லை கிடையாது. 200 கிராமுக்குக் குறைந்த குச்சியானால் 0.1 கிராம் தராசு வேண்டும். ஆனால் அந்தச் சின்னத் தராசு பக்கெட்டைத் தாங்காது, ஒரு உயரமான பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் வைத்தால் போதும்.