செபக் குழுவுக்குப் பாதுகாவலரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வாக்கெடுப்பு மட்டும் வேண்டாம்

எங்கள் குழு 2020 ஊரடங்கில் பிறந்தது. கோயில் பூட்டிக் கிடந்ததால் இரவு எட்டரை மணிக்கு இணையத்தில் கூடிச் செபமாலை சொல்லத் தொடங்கினோம். ஊரடங்கு போய்விட்டது, குழு போகவில்லை. இப்போது முப்பத்தொரு பேர். பாதிப்பேர் தூத்துக்குடிப் பக்கம், மீதிப்பேர் துபாய், சிங்கப்பூர், டொராண்டோ. பலரை நான் நேரில் பார்த்ததே இல்லை.

“ஊரில் அன்பியத்துக்கு அன்பியம் (பங்கின் சிறு குழுக்கள்) ஒரு பாதுகாவலர், அதாவது தனக்கென ஒரு புனிதர், இருக்கிறார். நமக்கு மட்டும் ஏன் இல்லை?” என்று ஒருநாள் டொராண்டோ அக்கா கேட்டார். விடை காண ஏழு மாதம் பிடித்தது. ஒரே வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. உங்களுக்காவது அப்படி முடியட்டும் என்று எழுதுகிறேன். புனிதரிடம் ஏன் மன்றாடுகிறோம் என்பதெல்லாம் ஞானோபதேச வகுப்பில் படித்திருப்பீர்கள், அதற்குள் போகவில்லை.

படி 1: குழுவைப் பற்றி இரண்டு வரி

பெயர்களைப் பேசுவதற்கு முன் இதை எழுதிவிடுங்கள். நாங்கள் கடைசியில்தான் எழுதினோம். எங்கள் இரண்டு வரி: “ஒருவரையொருவர் பாராதவர்கள் ஒருவருக்காக ஒருவர் செபிக்கிறோம். எங்களில் பாதிப்பேர் வீட்டைவிட்டுத் தூரத்தில் இருக்கிறோம்.” உங்களுடையது வேறாக இருக்கும். நோயாளிகளுக்கான குழுவாக இருக்கலாம், இளம் தாய்மார்களின் குழுவாக இருக்கலாம். இரண்டு வரிக்குமேல் போனால் யாரும் படிக்கமாட்டார்கள்.

படி 2: கருவியை வைத்துத் தேடாதீர்கள்

இணையக் குழு என்றதும் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் செவில் நகர ஆயர் புனித இசிதோர். 636இல் இறந்தவர். அன்றைய அறிவையெல்லாம் இருபது நூல்களாகத் தொகுத்தவர் என்பதால் “இணையத்தின் பாதுகாவலர்” என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஆனால் எந்தத் திருத்தந்தையும் அப்படி அறிவித்ததில்லை. நான் முதல் வாரமே குழுவில் “வத்திக்கான் அறிவித்திருக்கிறது” என்று அடித்துச் சொல்லி, பிறகு விழுங்க வேண்டியதாயிற்று.

அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டவர்களும் உண்டு. 1951இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் அதிதூதர் கபிரியேலைத் தொலைத்தொடர்புக்குப் பாதுகாவலர் ஆக்கினார். அதே திருத்தந்தைதான் அசிசி நகர் புனித கிளாராவைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலி ஆக்கினார். கிறிஸ்து பிறப்பு இரவில் நோயால் எழுந்திருக்க முடியாமல் கிடந்த கிளாரா, தொலைவில் கோயிலில் நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டார், கேட்டார் என்பது வரலாறு. படுக்கையிலிருந்தபடி கைபேசியில் திருப்பலி காணும் முதியவர்கள் உங்கள் குழுவில் அதிகமென்றால் வேறு எங்கும் தேட வேண்டாம், கிளாராவே போதும்.

எங்கள் இளைஞர்களின் பிடிவாதம் கார்லோ அக்குதிஸ். பதினைந்து வயதில் 2006இல் இரத்தப் புற்றுநோயால் இறந்த பையன்; நற்கருணைப் புதுமைகளைப் பற்றி இணையதளம் உருவாக்கியவர். நல்ல தேர்வுதான். ஆனால் கணினி தெரிந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக என்றால் எனக்கு ஒப்பவில்லை. நாங்கள் கூடுவது கணினிக்காக அல்லவே. பஸ்ஸில் வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் ஓட்டுநர்களின் பாதுகாவலரையா பிடித்துக்கொள்கிறார்கள்? அந்த இரண்டு வரிக்கு யாருடைய வாழ்க்கை பொருந்துகிறது என்று பாருங்கள்.

படி 3: மூன்று பெயராகச் சுருக்குங்கள்

இதற்கு மூன்று சல்லடை.

முதலாவது, அவர் புனிதராக அறிவிக்கப்பட்டவரா? பாதுகாவலர்களைத் தேர்வதற்கு 1973இல் ரோமை (வத்திக்கான்) வெளியிட்ட விதிமுறைகள் இருக்கின்றன. புனிதர்களிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும், அருளாளர் (புனிதருக்கு முந்தைய நிலை) என்றால் தனி அனுமதி வேண்டும், இறை மூவரை (தந்தை, மகன், தூய ஆவி) பாதுகாவலர் ஆக்கவே கூடாது என்கின்றன அவை. மறைமாவட்டம், நாடு போன்றவற்றுக்காக எழுதப்பட்டவைதான். வீட்டளவிலான செபக் குழுவுக்கு யாரும் ரோமைக்கு மனுப் போட வேண்டியதில்லை. ஆனாலும் அளவுகோலாக வைத்துக்கொண்டால் பின்னால் தலைவலி இல்லை. கார்லோவுக்கு 2025 ஏப்ரல் 27இல் புனிதர் பட்டம் என்று அறிவிப்பு வந்ததும் எங்கள் தம்பிமார் “புனித கார்லோ” என்று படம் அச்சிட்டுவிட்டார்கள். ஏப்ரல் 21இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைந்தார், விழா தள்ளிப்போனது. செப்டம்பர் 7இல் 14ஆம் லியோ பட்டம் வழங்கும்வரை அந்த அட்டைகள் என் அலமாரியில் இருந்தன.

இரண்டாவது, திருநாள் எந்த நாளில் விழுகிறது? இதை யாரும் பார்ப்பதில்லை. இசிதோரின் நாள் ஏப்ரல் 4. ஏறக்குறைய எல்லா ஆண்டும் தவக்காலத்திலோ, புனித வாரத்திலோ, பாஸ்கா எண்கிழமையிலோ (உயிர்ப்பு விழாவின் எட்டு நாள்) மாட்டிக்கொள்ளும். 2026இல் அது சரியாகப் புனித சனி. அன்றைக்கு என்ன திருநாள் கொண்டாடுவது? தேவசகாயம் எங்கள் பட்டியலில் உயரத்தில் இருந்தவர். நட்டாலத்தில் பிறந்த பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்), மறைசாட்சி (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்), 2022இல் புனிதரானவர். நாள் ஜனவரி 14, பொங்கலோடு பொங்கல். இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சியில் குருவே இல்லாமல் தவித்த கத்தோலிக்கரைத் தேடி மாறுவேடத்தில் போன யோசேப்பு வாஸ், கோயில் பூட்டிய காலத்தில் பிறந்த எங்களுக்கு எவ்வளவு பொருத்தம்! அவருக்கு ஜனவரி 16. அன்றும் எங்கள் ஆட்கள் எட்டரை மணிக்கு வந்து உட்கார்வார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. உங்கள் ஆட்கள் உட்காரக்கூடியவர்கள் என்றால் தாராளமாக வையுங்கள். நாள் பார்க்க எந்தச் செயலியையும்விட மறைமாவட்டம் அச்சிடும் திருவழிபாட்டு நாள்காட்டியே மேல்.

மூன்றாவது, பெயர்க் குழப்பம். இதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 4: தேர்வு (இங்கேதான் நான் விழுந்தேன்)

வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைத்தேன். பத்துப் பெயர், ஒருநாள் அவகாசம். ஒவ்வொருவரும் சொந்த ஊர்க் கோயிலின் பாதுகாவலருக்கே வாக்களித்தார்கள். சவேரியார் ஊர்க்காரர்கள் சவேரியாருக்கு, சந்தியாகப்பர் ஊர்க்காரர்கள் சந்தியாகப்பருக்கு. அந்தோணியார் ஏழு வாக்கில் முன்னணி. மற்ற இருபத்து நான்கு பேரும் தோற்றவர்கள்! “எங்கள் சவேரியாருக்கு நான்கு வாக்குதானா?” என்று ஒரு பெரியவர் குழுவைவிட்டே வெளியேறிவிட்டார். அவரை மீண்டும் அழைத்துவர மூன்று தொலைபேசி அழைப்பும் ஒரு மாதமும் ஆயின. புனிதர்களைத் தேர்தலில் நிற்க வைத்தது என் தவறு.

பிறகு செய்தது இது. இரண்டு வரியையும் மூன்று சல்லடையையும் வைத்து, “இவர் வந்தாலும் எனக்குச் சம்மதம்” என்று எல்லோரும் சொல்லக்கூடிய மூன்று பெயரை மட்டும் நிறுத்தினோம்: கிளாரா, கார்லோ, குழந்தை இயேசுவின் தெரேசா. மூன்று இரவு, செபமாலை முடிந்ததும் ஒருவர் ஒரு புனிதரின் வாழ்க்கையைப் பத்து நிமிடம் சொன்னார். நான்காம் இரவு சீட்டுக் குலுக்கினோம். யூதாசின் இடத்துக்கு மத்தியா வந்தது சீட்டில்தான் (திருத்தூதர் பணிகள் 1:26). இரண்டு பேரை முன்னிறுத்தி, வேண்டிக்கொண்ட பிறகே குலுக்கினார்கள் என்பதையும் அங்கே வாசியுங்கள். வடிகட்டாமல் குலுக்கினால் அது வெறும் பரிசுச் சீட்டு.

சக்கரம் சுழற்றும் செயலிகளைப் பயன்படுத்தாதீர்கள். நடுவே விளம்பரம் வரும். எவர்சில்வர் தம்ளர், மடித்த மூன்று காகிதம், கேமரா முன் ஒரு குழந்தை. போதும்.

சீட்டு தெரேசாவுக்கு விழுந்தது. இரண்டாம் இரவே எனக்கு மனம் அங்கே போய்விட்டிருந்தது. பதினைந்து வயதில் லிசியு கார்மேல் மடத்துக்குள் போனவர், 1897இல் இருபத்து நான்கு வயதில் இறக்கும்வரை வெளியே வரவில்லை. மறைபரப்புப் பணிக்காகப் பயிற்சிபெற்றுக்கொண்டிருந்த மொரீஸ் பெல்லியேருக்காகச் செபிக்கும்படி தலைமை அன்னை அவரைப் பணித்தார். இருவரும் கடிதங்கள் வழியாகவே அக்கா தம்பி ஆனார்கள்; ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. மொரீஸ் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய மறுநாள் தெரேசா இறந்தார். 1927இல் திருச்சபை அவரைச் சவேரியாருக்கு இணையாக மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலி ஆக்கியது. (சவேரியார் ஊர்ப் பெரியவர் சமாதானமானது இந்த வரியில்தான்.) திருநாள் அக்டோபர் 1, செபமாலை மாதத்தின் முதல் நாள்.

படி 5: பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுங்கள்

அனுமதிக் கடிதம் தேவையில்லை. ஒரு வார்த்தை போதும். குழுவின் பெயரில் மட்டும் கவனம். “கத்தோலிக்க” என்ற சொல்லைச் சங்கத்தின் பெயரில் சேர்க்கத் திருச்சபை அதிகாரியின் சம்மதம் வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 300. நாங்கள் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு “சிறுமலர் செபக் குழு” என்று வைத்துக்கொண்டோம் (சிறுமலர் என்பது தெரேசாவின் செல்லப்பெயர்).

பின்சேர்க்கை 1: பெயர்க் குழப்பத்தைச் சொல்ல மறந்துவிட்டீர்கள் என்று இரண்டு பேர் நினைவூட்டினார்கள். தெரேசா என்று முடிவான மறுநாள் காலை குழுவின் படத்தில் அன்னை தெரேசா சிரித்துக்கொண்டிருந்தார். வேறொருவர் அக்டோபர் 15ஐத் திருநாள் என்று குறித்துவிட்டார். அது அவிலா தெரேசாவின் நாள். கொல்கத்தா அன்னைக்கு செப்டம்பர் 5. முழுப் பெயரையும் நாளையும் சேர்த்தே அறிவியுங்கள். அந்தோணியார் குழுக்களுக்கும் இதே சிக்கல்: பதுவை என்றால் ஜூன் 13, வனத்து அந்தோணியார் என்றால் ஜனவரி 17. படத்துக்குச் செயற்கை நுண்ணறிவு வரைந்த முகங்கள் வேண்டாம். தெரேசாவை அவருடைய அக்கா செலின் மடத்துக்குள்ளேயே கேமராவில் எடுத்த அசல் புகைப்படங்கள் இருக்கின்றன.

பின்சேர்க்கை 2: “எங்கள் ஊரில் இறை ஊழியர் ஒருவர் இருக்கிறார், அவரை வைக்கலாமா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். (இறை ஊழியர் என்பது புனிதர் பட்டத்துக்கான பாதையின் முதல் படி.) பொது வணக்கம் புனிதர்களுக்கும் அருளாளர்களுக்கும் மட்டுமே (சட்டம் 1187). அவருக்குப் புனிதர் பட்டம் கிடைக்கத் தினமும் ஒரு செபம் சொல்லுங்கள், பாதுகாவலராக வேறொருவரை வையுங்கள். கார்லோ அட்டைகள் என்ன ஆயின என்று கேட்டவருக்கு: செப்டம்பர் 8 காலையில் எல்லோருக்கும் தபாலில் அனுப்பிவிட்டேன்.