ஹெல்த் டேட்டாவுக்கு சார்ட் போடுறப்போ நாம சொதப்புற இடங்கள்

நம்பர் எல்லாம் கரெக்டா இருக்கும், ஆனா சார்ட்டைப் பாத்தவர் தப்பா புரிஞ்சிட்டு போயிருப்பாரு. ஹெல்த் டேட்டால இதுதான் பெரிய தலைவலி, ஏன்னா யாரும் உக்காந்து அச்சுல (சார்ட்டோட ஓரத்துல இருக்கற அளவுகோடு, axis) என்ன எழுதிருக்குன்னு படிக்கறதில்ல, கோடு ஏறுதா இறங்குதா, எங்க சிவப்பா இருக்கு, அவ்ளோதான் பாப்பாங்க.

முதல் சொதப்பல் என்னோடதே. ஒரு மீட்டிங்குக்காக தடுப்பூசி எந்த ஏரியால எத்தன சதவீதம்னு மேப் போட்டேன், நிறைய போட்ட இடம் பச்சை, கம்மியான இடம் சிவப்பு. எதிர்ல இருந்த டாக்டர் கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு "என்னங்க, எல்லாமே ஒரே மண் கலரா இருக்கு"ன்னாரு. அவருக்கு சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க வராது. இது அபூர்வம் கிடையாது, சில நாடுகள்ல ஆம்பளைங்க 12 பேருக்கு ஒருத்தர் இப்படித்தான். ஒரே கலரை வெளிர்ல இருந்து அடர்த்திக்குக் கொண்டு போங்க, கருப்பு வெள்ளைல பிரிண்ட் எடுத்தாலும் புரியுதான்னு ஒரு தடவ பாத்துடுங்க.

மேப்ல அடுத்த தப்பு, மொத்த கேஸ் எண்ணிக்கைய அப்படியே கலராக்குறது. ஜனங்க ஜாஸ்தி இருக்கற இடத்துல கேஸும் ஜாஸ்தியாத்தான் இருக்கும், அதுக்கு எதுக்கு மேப்பு? லட்சத்துக்கு எத்தனைன்னு போடணும். சரி போட்டாச்சு, பிரச்சனை தீந்துச்சான்னா அதுவும் இல்ல. அமெரிக்கால கிட்னி கேன்சர் விகிதத்தை கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) வாரியா பாத்தப்போ ரொம்ப கம்மியா இருந்ததும் ஜனத்தொகை கம்மியான கிராமப்புற கவுண்டிங்கதான், ரொம்ப ஜாஸ்தியா இருந்ததும் அதே மாதிரி கவுண்டிங்கதான். 1000 பேர் இருக்கற இடத்துல ஒருத்தர் செத்தா லட்சத்துக்கு 100, யாரும் சாகலன்னா பூஜ்யம், ரெண்டுமே தற்செயல். அதனால சின்ன இடங்கள சேத்துப் போடுங்க, இல்ல பல வருஷ சராசரி எடுங்க.

"ஆபத்து ரெண்டு மடங்கு"ன்னு கொட்டை எழுத்துல போடறது எனக்கு சுத்தமா பிடிக்காத விஷயம். 1995 அக்டோபர்ல பிரிட்டன்ல புது வகை கருத்தடை மாத்திரைங்களால ரத்தம் உறையுற ஆபத்து 100% கூடுதுன்னு எச்சரிக்கை வந்துச்சு, நிறைய பொண்ணுங்க பயந்து மாத்திரைய நிறுத்திட்டாங்க, அடுத்த வருஷம் இங்கிலாந்து வேல்ஸ்ல கருக்கலைப்பு சுமார் 13,000 கூடுச்சுன்னு கணக்கு சொல்றாங்க. நிஜத்துல என்னன்னா 7000 பேர்ல ஒருத்தருக்கு வந்தது ரெண்டு பேருக்கு வருதுன்னு அர்த்தம். பக்கத்துல பக்கத்துல ரெண்டு பார் வச்சா ஒண்ணு இன்னொண்ணைவிட டபுள் உயரமா நின்னு பயமுறுத்தும், அதையே 7000 புள்ளி போட்டு ஒண்ணையோ ரெண்டையோ மட்டும் கலர் பண்ணிப் பாருங்க, தேடித்தான் கண்டுபிடிக்கணும்!

தேதி விஷயத்துல 2020 மே மாசம் அமெரிக்காவோட ஜார்ஜியா மாகாணம் செஞ்சது கிளாசிக். கோவிட் பார் சார்ட்ல தேதி வரிசைப்படி இல்லாம உயரமான பாரெல்லாம் இடது பக்கம் வந்துடுச்சு, பாக்க கேஸ் சரசரன்னு இறங்குற மாதிரியே இருந்துச்சு, அப்புறம் மன்னிப்பு கேட்டு மாத்துனாங்க. நம்மள்ல யாரும் அவ்ளோ தூரம் போக மாட்டோம், ஆனா கடைசி நாலஞ்சு நாள் பாரை அப்படியே விட்டுருவோம். டெஸ்ட் ரிசல்ட் வர லேட்டாகும், அதனால கடைசி பாருங்க எப்பவுமே குட்டையாத்தான் இருக்கும், ஜனங்க குறைஞ்சிடுச்சுன்னு நெனச்சு நிம்மதியாயிடுவாங்க. அந்த பாருங்கள மட்டும் சாம்பல் கலராக்கி "இன்னும் முழுசா வரல"ன்னு அதுமேலயே எழுதுங்க, கீழ பொடி எழுத்துல எழுதி பிரயோஜனம் இல்ல.

அச்சு பூஜ்யத்துல ஆரம்பிக்கணுமான்னு சண்டையே நடக்கும். பார் சார்ட்னா கண்டிப்பா ஆரம்பிக்கணும், ஏன்னா கண்ணு பாரோட நீளத்தத்தான் அளக்குது. கோடு போடற சார்ட்டுக்கு அந்த கட்டாயம் இல்ல, உடம்பு சூட்டை பூஜ்யத்துல இருந்து வரைஞ்சா 37 டிகிரிக்கும் 40க்கும் பெருசா வித்தியாசமே தெரியாது, காய்ச்சல் காணாம போயிடும்.

கேஸ் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி சின்னதும் பெருசுமா வட்டம் போடறவங்களுக்கும் ஒண்ணு. ரெண்டு மடங்கு கேஸுக்கு விட்டத்தை ரெண்டு மடங்காக்கினா பரப்பு நாலு மடங்காயிடும். 1858லயே ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போர் சாவுகள வரைஞ்சப்போ பரப்பைத்தான் கணக்கா வச்சாங்க, காயத்தைவிட தடுக்கக்கூடிய நோயிலதான் சிப்பாய்ங்க அதிகமா செத்தாங்கன்னு அதுல பளிச்சுன்னு தெரிஞ்சுது.

மொதல்ல சொன்ன அந்த தடுப்பூசி மேப்ப நீலத்துல வெளிர் அடர்த்தின்னு மாத்தி அடுத்த மீட்டிங்ல வச்சேன். அதே டாக்டர் பத்து செகண்ட் கூட பாத்திருக்க மாட்டாரு, "இந்த மூலை மட்டும் ஏன் இவ்ளோ வெளிறிக் கிடக்கு, அங்க யாரு போறா?"ன்னு கேட்டாரு.