கிராமத்துக்குப் புகையில்லா அடுப்பு கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இந்தத் தவறுகளைப் பாருங்கள்

அடுப்பைக் கொடுத்தாச்சு, போட்டோ எடுத்தாச்சு, வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறோமே, அதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. மத்திய அரசு 1980களில் தொடங்கி 2002 வரை நடத்திய திட்டத்தில் நாடு முழுக்கச் சுமார் 3.5 கோடி அடுப்புகள் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஏராளமானவை விரிசல் விட்டு, உடைந்து, சரிசெய்ய ஆளில்லாமல் அப்படியே கைவிடப்பட்டன.

ஒடிசாவில் 44 கிராமங்களில் சுமார் 2,600 குடும்பங்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆய்வு செய்தார்கள். புகைக்கூண்டு வைத்த மண் அடுப்பு. முதல் வருடம் சமைக்கும் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது, அப்புறம் அந்தப் பலன் காணாமலே போய்விட்டது, ஏனென்றால் அடுப்பைத் தொடர்ந்து பயன்படுத்தவும் இல்லை, பராமரிக்கவும் இல்லை. இதைக் கேட்டதும் "நம்ம ஜனங்களுக்குப் பழக்கமில்லை" என்று அந்தப் பெண்கள் மேல் பழி போடாதீர்கள். கூண்டுக்குள் கரி அடைத்துக்கொண்டால் கூரையேறித் தட்டிவிட யார் இருக்கிறார்கள்? ஊரிலேயே ஒரு கொத்தனாருக்கோ மண்பாண்டம் செய்பவருக்கோ பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்து, அதற்கான கூலியையும் பட்ஜெட்டில் முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

அடுத்து, சமைக்கிறவரைக் கேட்காமல் மாடலை முடிவு செய்வது. களி கிண்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து, உடம்பின் பாரத்தையே இறக்கிக் கிண்டுவார்கள். லேசான தகர அடுப்பு அதற்குத் தாங்காது, ஆடும், சாயும், கொதிக்கிற களி காலில் கொட்டும். ஒருமுறை அப்படி ஆனால் அந்த அடுப்பு அன்றைக்கே பரண் மேல் ஏறிவிடும். விறகு விஷயமும் இப்படித்தான். அடுப்பு வாய் சின்னதாக இருந்தால் சீமைக்கருவேலங் கட்டையைச் சாண் நீளத்துக்கு வெட்டிப் பிளந்துதான் வைக்க வேண்டும், அந்த வேலையும் அதே பெண்ணின் தலையில்தான் விழும். அதனால் மொத்தமாக ஆர்டர் போடும் முன் நாலைந்து வீட்டில் கொடுத்து, அவர்கள் விறகிலேயே, அவர்கள் பாத்திரத்திலேயே ஒரு மாதம் சமைக்கவிட்டுப் பாருங்கள்.

விறகு மிச்சமானால் புகையும் குறையும் என்று நம்புவதும் தவறு. காற்று சரியாகப் போகாமல் கனன்றுகொண்டிருக்கும் அடுப்பு குறைந்த விறகிலேயே நிறையப் புகை கக்கும். ஈர விறகு வைத்தால் எந்த நல்ல அடுப்பும் புகையத்தான் செய்யும். மழைக்காலத்துக்கு விறகைக் காயவைக்க ஒரு சின்னக் கொட்டகை போட்டுக் கொடுத்தால் அதற்கே பாதிப் பலன் உண்டு என்பது என் கருத்து.

பழைய அடுப்பு என்ன ஆகிறது என்று பார்க்காமல் விடுவதை நான் ரொம்பவே முக்கியமான தவறாக நினைக்கிறேன். சோறு புது அடுப்பில் வெந்தாலும், குளிக்க வெந்நீரும் மாட்டுக்குக் கஞ்சியும் நெல் அவிப்பதும் பழைய அடுப்பில்தான் நடக்கும். அது எரிகிற வரை வீட்டில் புகை இருக்கும். எதற்கெல்லாம் எரிகிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அண்டா வைக்கிற பெரிய அடுப்பும் சேர்த்துக் கட்டிக்கொடுக்க வேண்டியிருக்கலாம்.

சரி, கேஸ் கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? புகையைப் பொறுத்தவரை விறகை விட கேஸ் எவ்வளவோ மேல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஏழைக் குடும்பப் பெண்களுக்குக் கேஸ் இணைப்பு கொடுக்க 2016இல் மத்திய அரசு தொடங்கிய உஜ்வலா திட்டத்தை ஆய்வு செய்த மத்திய தணிக்கைத் துறையின் 2019 அறிக்கைப்படி, பயனாளிகள் வருடத்துக்குச் சராசரியாக 3.21 சிலிண்டர்தான் நிரப்பியிருந்தார்கள். மற்ற நாளெல்லாம் விறகுதான். கூலி வாரக் கடைசியில் கைக்கு வருகிற வீட்டில் 14.2 கிலோ சிலிண்டருக்கு மொத்தமாகப் பணம் புரட்டுவது கஷ்டம். 5 கிலோ சிலிண்டரும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. இணைப்பு வாங்கித் தருவதோடு நிற்காமல், சின்ன சிலிண்டருக்கு மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களைக் கூட்டிப்போய் ஏஜென்சியில் பேசி மாற்றிக் கொடுங்கள்.