எஃப்.ஏ.எஸ்.டி. பரிசோதனைக்குப் போகும் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அந்தப் பையனுக்கு ஏழு வயது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், கோயில் மண்டபத்தில் நான் எடுக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு, அப்பாவைப் பெற்ற ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருவான். போன வாரம் அழகாக எழுதிய ‘ஆ’வன்னாவை இந்த வாரம் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்ப்பான். “பையை வை, செருப்பைக் கழற்று, பாயில் உட்கார்” என்றால் பையை மட்டும் வைத்துவிட்டு நிற்பான். பிடிவாதம் என்றுதான் நானும் நினைத்தேன். கருவிலேயே மது பட்டதில் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பிறகு டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். இந்த மாதிரிப் பாதிப்புகளுக்கெல்லாம் சேர்த்து வைத்த பெயர்தான் எஃப்.ஏ.எஸ்.டி. அவர்களுக்குத் துணையாகப் போய்வந்ததில், நம் குடும்பங்கள் எங்கே சறுக்குகின்றன என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

“அதெல்லாம் கேப் பக்கத்து ஒயின் தோட்ட விவகாரம், நம்ம வீட்டில் ஏது?” என்று ஒதுக்குவதுதான் முதல் தவறு. வெஸ்டர்ன் கேப் மாகாணத் தோட்டங்களில் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே கொடுத்த ‘டொப்’ வழக்கம் இருந்தது உண்மைதான். 2017-ல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி ஆயிரம் பிள்ளைகளில் சுமார் 8 பேருக்கு இந்தப் பாதிப்பு. தென்னாப்பிரிக்காவிலோ ஆயிரத்துக்கு 111. ஆனால் தாய் குடித்த மது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவதற்கு இனமும் ஊரும் தெரியாது. பீரோ, ஒயினோ, கரும்பில் வடிக்கும் கேன் ஸ்பிரிட்டோ, எல்லாவற்றிலும் இருப்பது ஒரே ஆல்கஹால்தான். சனிக்கிழமை பிராய் என்னும் கறி சுடும் விருந்து நடந்தால் எங்கள் தெருவிலும் பீர் நிரம்பிய கூலர் பாக்ஸ் வரத்தான் செய்கிறது.

இரண்டாவது தவறுதான் பெரியது: குடித்ததை மறைப்பது. அன்று அறையில் ஆயா, பையனின் அம்மா, நான் மூவரும் இருந்தோம். “கர்ப்ப காலத்தில் மது குடித்தீர்களா?” என்று டாக்டர் கேட்டதும் அம்மா மாமியாரைப் பார்த்தாள். பிறகு, “இல்லை” என்றாள். டாக்டர் தாளை மூடிவிட்டு, பிள்ளையைத் தோட்டத்துக்கு அழைத்துப் போகச் சொல்லி ஆயாவை அனுப்பினார். அதன்பின் கேள்வியையே மாற்றிக் கேட்டார்: “கர்ப்பம் என்று எத்தனையாவது வாரத்தில் தெரிந்தது? அதற்கு முந்தின மாதம் வார இறுதிகள் எப்படிப் போயின?” இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது என்றாள். அதுவரை வெள்ளி, சனி இரவுகளில் எவ்வளவு என்பதையும், தெரிந்த அன்றே நிறுத்திவிட்டதையும் அழுதுகொண்டே சொன்னாள். டாக்டர் வாரக் கணக்கையும் கிளாஸ் கணக்கையும் எழுதிக்கொண்டார். ஒரு கடிந்த சொல் வரவில்லை.

இந்தப் பதிலில்தான் பரிசோதனையின் பாதி இருக்கிறது. முக அடையாளங்கள், வளர்ச்சிக் குறைவு, மூளைப் பாதிப்பு எல்லாம் சேர்ந்திருந்தால், தாய் குடித்தது உறுதியாகாமலே எஃப்.ஏ.எஸ். (எஃப்.ஏ.எஸ்.டி.யின் முழுமையான வடிவம்) என்று முடிவு சொல்ல முடியும். முகம் சாதாரணமாக இருந்து நடத்தையிலும் படிப்பிலும் மட்டும் சிக்கல் என்றால், மது விவரம் இல்லாமல் டாக்டரால் எஃப்.ஏ.எஸ்.டி. என்ற முடிவுக்கு வரவே முடியாது. பெரும்பாலான பிள்ளைகள் இந்த இரண்டாவது வகைதான். முக அடையாளம் உண்டாவது கருத்தரித்து மூன்றாவது வாரத்தையொட்டிய சில நாட்களில். மூளையோ ஒன்பது மாதமும் வளர்கிறது. ஆகவே, வீட்டில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: அந்தப் பெண்ணை அறையில் தனியாக விடுங்கள். தாய் உயிரோடு இல்லையென்றால், அப்போது கூட இருந்தவர்கள் பார்த்ததைச் சொல்லலாம். பழைய கர்ப்ப கால அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

முகத்தை அளக்கும்போது இன்னொன்றைக் கவனித்தேன். கண்ணின் உள்முனையிலிருந்து வெளிமுனை வரை கண்ணாடி போன்ற ஸ்கேலை வைத்து மில்லிமீட்டர் கணக்கில் பார்த்தார்கள். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் தட்டையா, மேலுதடு மெல்லியதா என்று படங்களோடு ஒப்பிட்டார்கள். “சிரிச்ச முகமா இருடா கண்ணு” என்று ஆயா சொல்லிக்கொண்டே இருந்தார். சிரித்தால் மேலுதடு மெலிந்து, பள்ளமும் மறைந்து, அளவு தவறிவிடும். வாயை லேசாக மூடி, சிரிக்காமல் இருக்க வேண்டும். வயது ஏற ஏற இந்த அடையாளங்கள் மங்கக்கூடும் என்பதால், பெரிய பிள்ளைகளுக்குச் சின்ன வயசுப் போட்டோ உதவும். அதுவும் சிரிக்காத போட்டோவாக இருக்கட்டும்.

“ரத்தத்தில் தெரியாதா, ஸ்கேனில் தெரியாதா?” என்று அலைவதும் வீண். இதை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மரபணுச் சோதனை எழுதிக் கொடுத்தால், இதே சாயலில் வரும் வேறு கோளாறு இல்லை என்று பார்ப்பதற்காகத்தான். காதையும் கண்ணையும் முதலிலேயே சோதித்துவிடுங்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளையும் சொன்னதைச் செய்யாமல்தான் நிற்கும்.

ஐக்யூ 70-க்கு மேல் வந்துவிட்டால் “அறிவு இருக்கு, சோம்பேறித்தனம்தான்” என்று முடித்துவிடுகிறார்கள். மனசு வலிக்கிறது. இந்தப் பாதிப்புள்ள பலருக்கு ஐக்யூ சாதாரணமாகவே இருக்கும். திட்டமிடுவது, நினைவில் வைப்பது, காசு கணக்கு, நேரம், ஆபத்தை உணர்வது ஆகியவற்றில்தான் இடறுவார்கள். அதனால் போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ‘அடம்’ என்று எழுதினால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. ‘பல் துலக்கப் போனான், பேஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றான்’ என்று எழுதினால் விளங்கும். கிளினிக்கில் தரும் ‘ரோடு டு ஹெல்த்’ என்னும் குழந்தையின் உடல்நலப் புத்தகத்தையும் மறக்க வேண்டாம். பிறந்த எடையும் தலைச் சுற்றளவும் அதில்தான் இருக்கும்.

முடிவு வரட்டும் என்று பள்ளியில் பேசாமல் காத்திருக்க வேண்டாம். பிள்ளைக்குப் பள்ளியில் என்ன உதவி தேவை என்று பதியும் எஸ்.என்.ஏ. படிவத்தின் முதல் பகுதியை வகுப்பு டீச்சரே தொடங்கலாம், அதற்கு நோயின் பெயர் தேவையில்லை. அறிக்கை வந்ததும் நகல்கள் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் புது டீச்சர் வருவார். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லும்படி எழுதிய சீட்டோடு, அறிக்கையை முதல் வாரமே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.