சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்குப் பள்ளி தேடும்போது

பள்ளிகளைப் பார்க்கத் தொடங்கும் முன், உங்கள் குழந்தை எதைத் தானாகச் செய்கிறது, எதற்கு உதவி வேண்டும், எந்தச் சூழலில் பதற்றம் அடைகிறது என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பாசிரியருக்கு நீண்ட மருத்துவ அறிக்கையைவிட இதுவே அதிகம் பயன்படும்.

வகுப்புகள் வழக்கம்போல் நடக்கும் நாளில் பள்ளிக்குச் செல்லுங்கள். பாடவேளையைக் காட்டிலும் உணவு இடைவேளையையும் வகுப்பு மாறும் நேரத்தையும் கவனிப்பது நல்லது. இரைச்சலும் நெரிசலும் மிகும் அந்த நிமிடங்களில்தான் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர் தடுமாறுகிறார்கள். அப்போது அவர்களருகில் யார் இருக்கிறார் என்பது, வரவேற்பறையில் சொல்லப்படும் எந்த உறுதிமொழியைவிடவும் நம்பத்தக்கது.

தனிநபர் கல்வித் திட்டத்தை (உங்கள் குழந்தைக்கென்றே வகுக்கும் கற்றல் இலக்குகளும் உதவிகளும் அடங்கிய திட்டம்) எழுத்தில் தருவார்களா, அதை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை பெற்றோருடன் மீளாய்வு செய்வார்கள் என்று கேளுங்கள். ‘பேச்சு மேம்படும்’ என்பது இலக்கு ஆகாது. ‘தண்ணீர் வேண்டும் என்பதைச் சொல்லாலோ படத்தாலோ தானாகக் கேட்கும்’ என்பதுபோல் அளந்து பார்க்கக்கூடியதாக அது அமைய வேண்டும். கழிப்பறையில் உதவுபவர் யார், அவர் விடுப்பில் இருந்தால் மாற்று ஏற்பாடு என்ன என்பதையும் (கேட்கக் கூச்சமாக இருந்தாலும்) விட்டுவிடாதீர்கள்.

பொதுப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்ற குழப்பம் இயல்பானதே. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, 24ஆம் பிரிவில், எல்லாக் குழந்தைகளும் ஒன்றாகக் கற்கும் உள்ளடக்கிய கல்வியையும் அதற்குத் தேவையான தனிப்பட்ட ஆதரவையும் சேர்த்தே வலியுறுத்துகிறது. ஆகவே, ஆதரவின்றி வகுப்பில் இடம் மட்டும் தரும் பள்ளியை உள்ளடக்கிய பள்ளி என்று ஏற்க வேண்டியதில்லை. இயன்றால், முழுக் கட்டணம் செலுத்தும் முன் சில நாள்கள் குழந்தையை வகுப்பில் அமர்த்திப் பார்க்க அனுமதி கேளுங்கள்.